நாற்பத்தோராவது கட்டம்

செம்பூரில் இருந்த அந்தக் கம்பெனியின் கார்டு அறைக்குச் சண்முகவடிவு வேலைக்கு வந்தது அறுபத்தாறு ஜூலையில், விடாத மழையில். தாராவியிலிருந்து நனைந்து வந்தவளுக்கு ஏ.சி. காற்று எலும்பு வரை இறங்கியது. அறை முழுக்க ஈர அட்டை நாற்றம்.

“ஏ.சி.யக் குறைங்களேன், அண்ணாச்சி.”

“குளிரு உனக்கில்லம்மா, மெஷினுக்கு,” என்றார் சூப்பர்வைசர் கணேசபாண்டியன். “ஈரம் பட்டா கார்டு ஊதிரும். ஊதினா சிக்கிரும்.”

“ஏ.சி. தண்ணி தரையில சொட்டுதே?”

“வாளி வச்சிருக்கம்லா.”

வேலை இதுதான். ஒருத்தி கைக்கருவியால் அட்டையின் கட்டங்களில் விவரத்தை எண்களாகத் துளை போடுவாள். இன்னொருத்தி அதே விவரத்தைக் கரண்ட் மெஷினில் மறுபடி தட்டிச் சரிபார்ப்பாள். சரியென்றால் அட்டையின் வலது ஓரத்தில் ஒரு வெட்டு விழும். தப்பென்றால், தப்பான கட்டத்துக்கு நேர் மேலே.

சரிபார்க்கும் நாற்காலி காலியாக இருந்தது.

“நூர் நிஷா சீட்டு. போன வாரம் அந்த மெஷின்ல ஷாக் அடிச்சுப் போயிட்டா. வேற ஆள் கிடைக்கல, ரெண்டையும் நீயே பாரு. முதல்ல ஸ்டாஃப் கார்டு. நாப்பத்தொண்ணாவது கட்டத்துல ஒண்ணுன்னா வேலையில இருக்கவங்க, ரெண்டுன்னா தானா விட்டவங்க, மூணுன்னா செத்தவங்க. நூர் நிஷாவுக்கு ரெண்டு போடு.”

“மூணுல்லா போடணும்?”

“மூணு போட்டா விசாரணை வரும். மெஷின நிறுத்துவான். உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?”

அப்பாவின் மில் மூடி மூன்று மாதம் ஆகியிருந்தது. ரெண்டு போட்டாள். ஸ்டாஃப் கார்டுக் கட்டின் மேலே அதை வைத்து மெஷினில் செருகினாள்.

கரண்ட் போனது.

“மெயினப் பாத்துட்டு வாரேன்,” என்று கணேசபாண்டியன் வெளியே போனார்.

இருட்டில் மழைச் சத்தம் மட்டும்.

டக்.

காலி நாற்காலிக்கு முன்னால் விசைகள் ஒவ்வொன்றாக அமுங்கின.

டக். டக்.

அட்டை வெளியே வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நாற்பத்தோராவது கட்டத்துக்கு நேர் மேலே ஒரு வெட்டு.

“மன்னிச்சுக்கோக்கா,” என்றாள் நாற்காலியைப் பார்த்து.

வேறு அட்டை எடுத்தாள். மூன்று போட்டாள். செருகினாள்.

டக். டக். டக்.

வலது ஓரத்தில் வெட்டு.

மூச்சு விட்டாள். தீர்ந்தது என்று நினைத்தாள்.

டக்.

கார்டுக் கட்டிலிருந்து அடுத்த அட்டை தானாக நகர்ந்து வந்தது. அது சண்முகவடிவின் ஸ்டாஃப் கார்டு, காலையில் அவள் சேர்ந்ததும் கணேசபாண்டியன் துளைத்தது. நாற்பத்தோராவது கட்டத்தில் ஒன்று.

அதற்கு நேர் மேலே ஒரு வெட்டு.

குனிந்தாள். வாளி நிரம்பி வழிந்து, தண்ணீர் அவள் செருப்பை நனைத்துக்கொண்டிருந்தது. இடது கை மெஷினின் இரும்பில் இருந்தது. எடுக்கப் பார்த்தாள்.

அதன்மேல் இன்னொரு கை, சில்லென்று, அமர்ந்திருந்தது.

“சண்முகவடிவு!” என்று வராந்தாவிலிருந்து கணேசபாண்டியனின் குரல் வந்தது. “மெயினப் போடுதேன்!”