உள்ளே போகும் காற்று

சுவரில் தொங்கிய தமிழ்க்கடைக் கலண்டரின் தாள் அடியிலிருந்து எழும்பி, மாடிப்படியை நோக்கி நீட்டிக்கொண்டு நின்றது. யோகேந்திரன் சப்பாத்தைக் கழற்றாமலே நின்று அதைப் பார்த்தான். வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் ஓடவில்லை. அடுப்புக்கு மேலே இருக்கும் விசிறியும் ஓடவில்லை. வெளிக்கதவை அவனே இப்போதுதான் இறுகச் சாத்தியிருந்தான். ஆனாலும் யாரோ விரல் நுனியால் தூக்கிப் பிடித்திருப்பதுபோல அந்தத் தாள் ஆடாமல் நின்றது.

வேறு யாராவது என்றால் கலண்டரைத் தட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள். யோகேந்திரனுக்குத் தொழிலே காற்று. மொன்றியல் தீவு முழுக்க வீடுகளுக்கு ஃபேர்னஸ் பூட்டுவதும், தகரக் குழாய் இழுத்து அறை அறையாகச் சூடு கொண்டுபோவதும்தான் அவன் வேலை. குளிர்காலத்தில் ஒரு வீடு புகைபோக்கி மாதிரி என்பது அவனுக்குத் தெரியும். சூடான காற்று இலேசானது. மேலே ஏறி, கூரை இடுக்குகளால் வெளியே கசியும். அது விட்டுப்போன இடத்தை நிரப்ப, கீழே அடித்தளத்தின் இடுக்குகளால் குளிர்காற்று உள்ளே வரும். ஆகவே மாடிப்படியில் எப்போதும் மேல்நோக்கி ஒரு மெல்லிய இழுவை இருக்கும். இதைத் தனக்குத்தானே சொல்லி முடித்த பிறகுதான் சப்பாத்தைக் கழற்றினான்.

ஆனால் அந்த இழுவைக்குக் கலண்டர் தாளைத் தூக்குகிற பலம் கிடையாது. அதுவும் அவனுக்குத் தெரிந்ததுதான்.

நாலரை மணிக்கே இருண்டுவிடும் மாதம் அது. அவன் வேலையால் வரும்போது மனைவி பாலாம்பிகை சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் உள்ள முதியோர் இல்லத்துக்குப் பின்னேர வேலைக்குப் போயிருப்பாள். பதினொரு வயது மகள் துஷாந்தினி பள்ளியால் வந்து மேலே படுத்திருப்பாள். அவர்கள் குடியிருந்த கர்க்லாண்டில் அந்த நேரம் தெருவில் மனிதக் குரல் கேட்காது. ஒரு கார் வரும், கராஜ் கதவு மேலே போகும், கீழே இறங்கும். பிறகு பனியின் அமைதி.

"துஷா, முழிப்போ?"

மேலே போய்ப் பார்த்தான். கட்டிலில் கண் திறந்தபடி கிடந்தாள். அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். சில நாட்களில் அவள் தலையை மட்டும்தான் ஆட்டுவாள்.

இரண்டு நாள் கழித்து வானம் மூடி, பனிப்புயல் வருகிறது என்று வானொலி சொன்ன பின்னேரம், கலண்டர் தாள் மறுபக்கம் சாய்ந்திருந்தது. காற்று இப்போது மாடியிலிருந்து கீழே இறங்கியது. படியின் அடியில் நின்ற அவன் முகத்தில் அது பட்டது. குளிரும் இல்லை, சூடும் இல்லை, உலர்ந்த காற்று. மழை ஒருபோதும் தொடாத கல்லின் வாசம் அதில் இருந்தது.

அந்த வாசத்தை அவன் முன்பு ஒரே ஒரு இடத்தில்தான் முகர்ந்திருந்தான்.

கட்டட வேலையாட்கள் எல்லாருக்கும் ஒன்றாக வரும் ஜூலை விடுமுறையில், வான் வண்டியில் மூன்று பேரும் அமெரிக்கப் பாலைவனம் பார்க்கப் போயிருந்தார்கள். பயணம் உண்மையில் துஷாவுக்காக. சின்ன வயதில் அவள் அவனுடைய கருவிப் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, எதைக் கண்டாலும் "பூர்குவா?" என்று கேட்பாள். ஏன் என்பதற்கு அவளுக்குப் பிரெஞ்சுதான் வரும். ஏன் குழாய் சுடுகிறது, ஏன் தண்ணீர் கீழே போகிறது என்று ஒவ்வொன்றுக்கும் அவன் பொறுமையாகப் பதில் சொல்வான். அவன் வாழ்க்கையில் அவன் சொல்வதைக் கேட்க ஆசைப்பட்ட ஒரே ஆள் அவள். பிறகு தமிழ் பேச வேண்டும் என்று அவன் பிடிவாதம் பிடிக்கத் தொடங்கினான். "பப்பா" என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டான். "அப்பா" என்றால்தான் திரும்புவான். அவள் கூப்பிடுவதையே குறைத்துக்கொண்டாள். காதில் பாட்டுக் கருவியைச் செருகிக்கொண்டாள். ஒரே வண்டியில் இரண்டு வாரம் அடைபட்டால் பிள்ளை திரும்பிவிடுவாள் என்று அவன் நம்பினான்.

வெள்ளை மணல் மேடுகளைப் பார்த்தார்கள். கல்லாகிப்போன மரங்களைப் பார்த்தார்கள். கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்பதுபோன்ற கள்ளிகளுக்குக் கீழே நின்று படம் எடுத்தார்கள். அவள் காதிலிருந்து பாட்டு இறங்கவில்லை.

நியூ மெக்சிகோவில் ஒரு குகைக்குள், சுற்றுலாப் பாதையின் கடைசியில், இரும்புக் கம்பி அடித்த சின்னத் துவாரம் ஒன்று இருந்தது. ஒரு பிள்ளையின் தோள் அளவுதான் அகலம். அதற்குள்ளிருந்து காற்று வீசிக்கொண்டே இருந்தது. குகை மூச்சு விடுகிறது என்றார் பூங்காக் காவலர். வெளியே காற்றழுத்தம் குறைந்தால் உள்ளே இருக்கும் காற்று வெளியே வரும். அழுத்தம் கூடினால் வெளிக்காற்று உள்ளே போகும். வாய் சிறியது, வயிறு பெரியது. அதனால் ஒரு மூச்சுக்கு நாட்கணக்காகும். எவ்வளவு நேரம் வீசுகிறது என்று அளந்தால், யாரும் போகாத உள்ளறைகள் எவ்வளவு பெரியவை என்று கணிக்கலாமாம். யோகேந்திரனுக்கு மெய்சிலிர்த்தது. அதைத் தமிழில் மகளுக்குச் சொன்னான். அவள் ஒரு பக்கக் காதுக்கருவியைக் கழற்றினாள்.

"பூர்குவா கம்பி?" என்று கேட்டாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒரு கேள்வி.

"ஆரும் உள்ளுக்கை போகாமல் இருக்கத்தான்."

திரும்பும் நேரம் அவள் துவாரத்துக்குக் கையசைத்து "பாய்" என்றாள். சந்தோஷத்தில் இருந்த யோகேந்திரன் விடவில்லை.

"எங்கடை ஆக்கள் அப்பிடிச் சொல்லுறேல்லை, துஷா. 'போறன்' எண்டும் சொல்லக்கூடாது, திரும்பி வராத மாதிரி இருக்கும். என்னெண்டு சொல்லிப்போட்டு வெளிக்கிடுறது?"

"கல்லுக்கும் மரியாதையோ? பிள்ளையை விடுங்கோப்பா," என்று பாலாம்பிகை சிரித்தாள்.

துஷா கண்ணை உருட்டினாள். பிறகு குனிந்து, கம்பியில் உதடு படுமளவுக்கு முகத்தை வைத்து, "போட்டு வாறன்," என்றாள்.

காற்று நின்றது.

காவலர் வியந்தார். மூச்சு திரும்பும் கணத்தை அவரே அரிதாகத்தான் பார்த்திருக்கிறாராம். அடுத்து காற்று உள்ளே போகத் தொடங்கியது. துஷாவின் கூந்தல் கம்பிகளுக்கூடாக இருட்டுக்குள் நீண்டது. அவள் கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தாள். நிமிர்ந்தபோது, "வாங்கோ அப்பா, போவம்," என்றாள்.

கேளாமலே வந்த 'அப்பா'. அவன் மனைவியைப் பெருமையோடு பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது.

அன்றிலிருந்து அவள் நல்ல தமிழ்தான் பேசினாள். பாட்டுக் கருவி எங்கோ தொலைந்தது, தேடவும் இல்லை. சொன்னதைச் செய்தாள். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். வந்தவர் போனவர் எல்லாரும் பிள்ளையை மெச்சினார்கள். யோகேந்திரன் மட்டும், பின்னேரங்களில் அடித்தளத்தில் தனியாகக் கருவிகளைத் துடைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்து ஒரு கேள்வி வருமா என்று காத்திருந்தான். ஜூலைக்குப் பிறகு அவள் ஒன்றுமே கேட்கவில்லை.

வேலைத்தல நண்பன் கிறிஸ்தோப்பரை ஒரு சனிக்கிழமை கூப்பிட்டான். அவன் தன் பெரிய விசிறியை வெளிக்கதவில் பொருத்தி, வீட்டில் எங்கே கசிவு என்று சோதித்தான்.

"அண்ணை, வீடு போத்தல் மாதிரி இறுக்கமா இருக்கு. ஓட்டை உங்கடை தலையிலைதான்."

"அப்ப இந்தக் காத்து எங்கை போகுது?"

"காத்துக்குப் பின்னாலை போய்ப் பாருங்கோ. பேந்து எனக்கும் சொல்லுங்கோ."

சிரித்துவிட்டுப் போனான். யோகேந்திரனுக்குச் சிரிப்பு வரவில்லை. கராஜில் கிடந்த பழைய பித்தளைக் காற்றழுத்தமானியைத் துடைத்துக் கலண்டருக்குப் பக்கத்தில் மாட்டினான். முள் ஏறும் நாட்களில் தாள் மாடிப்பக்கம் சாய்ந்தது. முள் இறங்கும் நாட்களில் தாள் இந்தப் பக்கம் சாய, கல்லின் வாசம் வந்தது. ஒரு தடவைகூடத் தவறவில்லை. இறுக்கமான வீடென்றாலும் அழுத்தம் சமனாக அதிக நேரம் எடுக்காது. இங்கே பகலும் இரவும் தொடர்ந்து ஓடியது. அப்படியென்றால் இந்த வீட்டுக்குள் எங்கோ ஒரு சின்ன வாய் இருக்கிறது. அதற்குப் பின்னால் மைல் கணக்கில் வெற்றிடம் இருக்கிறது.

அடுத்த வாரம் வானம் கண்ணாடிபோலத் தெளிந்து, குளிர் கூர்மையானது. காலையில் பள்ளி பஸ்ஸுக்கு மகளோடு நின்றான். தெருவோரம் நின்ற பிள்ளைகள் எல்லாருடைய வாயிலிருந்தும் வெண்புகை. அவனுடைய வாயிலிருந்தும். பஸ்ஸின் குழாயிலிருந்தும். துஷாவின் முகத்துக்கு முன்னால் மட்டும் காற்று சுத்தமாக இருந்தது. உதடுகள் சிறிதாகத் திறந்திருந்தன. அவன் விட்ட வெண்புகை மெதுவாக அவள் பக்கம் திரும்பியது.

"குளிருதோ, பிள்ளை?"

அவள் தலையை ஆட்டினாள்.

பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் பாலாம்பிகையின் வேலையிடத்துக்குத் தொலைபேசி எடுத்தான்.

"இஞ்சாரும், துஷா மூச்சு விடுறதை நீர் பாத்தனீரோ?"

"என்ன விசர்க் கதை இது? மூச்சு விடாமல் பிள்ளை எப்பிடிப் பள்ளிக்கூடம் போகும்? நான் ஒரு அம்மாவைக் குளிக்க வாக்கிறன். புட்டு மூடி வச்சிருக்கு, சாப்பிடுங்கோ."

தொடர்பு அறுந்தது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. முள் நன்றாக மேலே ஏறியிருந்தது. கலண்டர் தாள் மாடியை நோக்கி விறைத்து நின்றது.

காற்றைக் கண்ணால் பார்க்க அவனுடைய தொழிலில் எளிய வழி ஒன்று உண்டு: புகை. சாமித் தட்டில் இருந்து ஊதுபத்தி ஒன்றை எடுத்துக் கொளுத்தினான். வழக்கமாகப் புகை நேராக எழுந்து, கொஞ்ச உயரத்தில் குழம்பும். இது எழவே இல்லை. நுனியை விட்டதும் கிடையாக மடங்கி, நூல் பிடித்ததுபோல மாடிப்படியை நோக்கிப் போனது.

அவன் அதன் பின்னால் போனான்.

படி ஏறினான். குளியலறையின் திறந்த கதவைப் புகை திரும்பியும் பார்க்கவில்லை. கூரைக்குள் ஏறும் துவாரத்தின் மூடியையும் தாண்டியது. ஜன்னலை அணுகவே இல்லை. துஷாவின் அறைக்கதவு ஒருக்களித்திருந்தது. புகை அந்த இடுக்கால் நுழைந்தது.

இராவிளக்கின் மஞ்சள் ஒளியில் அவள் மல்லாந்து கிடந்தாள். கண் மூடியிருந்தது. புகைநூல் போர்வையின் மேலாக, மார்பின் மேலாக, மோவாயின் மேலாகப் போனது.

வாய்க்குள் போனது.

மூச்சை உள்ளே இழுக்கிறாள், அவ்வளவுதான். இனி விடுவாள். விடும்போது புகை கலையும். அவன் காத்திருந்தான். புகை போய்க்கொண்டிருந்தது. மார்பில் உள்ளங்கையை வைத்தான். அது ஏறவில்லை. இறங்கவில்லை. சுவர்போல இருந்தது. பத்தியின் சாம்பல் நீண்டு, வளைந்து, போர்வையில் உதிர்ந்தது. புகை போய்க்கொண்டிருந்தது. ஒரு சின்ன உடம்பு கொள்ளாத அளவு புகை. அறுந்துபோகாமல்.

விடு, துஷா. விடு, பிள்ளை.

நின்றது.

புகை தயங்கி, ஆடி, நுனியிலிருந்து நேராக மேலே எழுந்தது. கம்பிபோல. மூச்சு திரும்பும் கணம். காவலரே அரிதாகப் பார்த்தது.

அந்த அமைதியில் அவன் குனிந்தான். திறந்த உதடுகளுக்குப் பக்கத்தில் காதை வைத்தான்.

உள்ளே இடம் இருந்தது. பெரிய இடம். எங்கோ ஒரு துளி விழுந்து, அதன் ஓசை போய்ப் போய், சுவரைத் தேடி, வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தது. பிறகு கல்லில் சப்பாத்துக் கால்களின் சத்தம். இருட்டில் தடவித் தடவி நடக்கும் கால்கள். நின்றன. தொலைவில், மிக ஆழத்தில், அழுது தேய்ந்த ஒரு குரல் கேட்டது.

"பப்பா?"

அவன் காதை இன்னும் நெருக்கினான்.

"பப்பா? பூர்குவா...?"

"துஷா! இஞ்சை, துஷா! பப்பா இஞ்சை நிக்கிறன்! சத்தம் வாற பக்கம் வா—"

கால்கள் ஓடத் தொடங்கின. அவனை நோக்கி. கல்லில் தடுக்கி, எழுந்து, மறுபடி அவனை நோக்கி.

அவன் காதோரம் இருந்த உதடுகள் அசைந்தன. மெதுவாக, பல்லோடு பல் பொருந்தி, வாய் மூடிக்கொண்டது.

சத்தம் இல்லை.

அவன் நிமிர்ந்தான். கட்டிலில் கிடந்த கண்கள் திறந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஊதுபத்தியின் புகை அவனுடைய முகத்தை நோக்கி இலேசாகச் சாய்ந்தது. மழை தொடாத கல்லின் வாசம்.

"என்ன அப்பா?" என்று அது கேட்டது, அவன் சொல்லிக்கொடுத்த நல்ல தமிழில்.