தேவானை மிதிக்கும் இடம்

ஃப்ளோரா மிஸ் வகுப்பில் நீளமான ஆங்கிலச் சொல் வந்தால் இருவர் எழுந்து நிற்க வேண்டும். ஒருத்தி சொல்லைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கைதட்டுவாள். எந்தத் துண்டில் குரல் அழுந்துகிறதோ, அங்கே மற்றவள் தரையை ஓங்கி மிதிப்பாள்.

மணிமொழி கை. தேவானை கால். தேவானை மிதித்தால் சைதாப்பேட்டையில் ரயிலே நின்றுவிடும் என்று மிஸ் கேலி செய்வார்.

ஆற்றோர வீடுகளை அரசாங்கம் காலி செய்தபோது, தேவானையின் குடும்பம் பெரும்பாக்கத்து அடுக்குமாடிக்குப் போய்விட்டது. பள்ளியும் மாறிவிட்டது.

அவள் இடத்தில் இப்போது ஜொவிட்டா உட்கார்ந்தாள்.

"நான் மிதிக்கட்டுமா?" என்று தினமும் கேட்டாள்.

"வேணாம்."

மணிமொழி தனியாகவே தட்டினாள். எ-ஜு-கே-ஷன். எல்லாத் துண்டுகளும் ஒரே மாதிரி, உப்புச் சப்பில்லாமல் இருந்தன. தேவானை மிதிக்க வேண்டிய 'கே' வந்ததும் அவள் நினைப்பு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் போனில் தேவானையைக் கூப்பிட்டாள்.

"தேவா, ரெஃப்ரிஜிரேட்டர்! நான் தட்றேன், நீ மிதி. ரெ... ஃப்ரி..."

தொம்!

அதே மிதி! மணிமொழிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

உடனே போனுக்குள் தூரத்தில் ஒரு குரல் கத்தியது. "யாருடி மேல? எங்க வூட்டு ஃபேன் ஆடுது!"

"ஐயையோ! கீழ்வூட்டு சந்திரிகாடி. என் கிளாஸுதான்."

"அவகூட பேசுவியா?"

"யார்கூடவும் பேசறதில்ல. பெரிய வார்த்தை வந்தா வாயே தொறக்க மாட்டேன். நீ இல்லாம யாரு தட்டுவா?"

தேவானைக்கு வேறொருத்தி தட்டுவதா? நினைத்தாலே மணிமொழிக்கு வயிறு எரிந்தது. ஆனால் தேவானை வாயை மூடிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"சண்டைக்கு வருவா இல்ல? அவளையே தட்டச் சொல்லு."

"உனக்குக் கோவம் வராதா?"

"வரும். பரவால்ல, சொல்லு."

போனில் கதவு தடதடக்கும் சத்தம் கேட்டது. என்னவோ முணுமுணுப்பு. பிறகு தாறுமாறான கைதட்டல், தொம், இரண்டு பேரின் சிரிப்பு. மணிமொழியும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

மறுநாள் வகுப்பில் 'எக்ஸாமினேஷன்' வந்தது.

"வா, ஜொவிட்டா," என்றாள் மணிமொழி.

ஜொவிட்டா நம்ப முடியாமல் எழுந்தாள். எக்-ஸா-மி என்றதுமே அவசரப்பட்டு மெல்ல மிதித்துவிட்டாள். வகுப்பே சிரித்தது.

"இன்னொரு தபா. 'நே'ல மிதி," என்றாள் மணிமொழி. "பலமா மிதி. பெரும்பாக்கம் வரைக்கும் கேக்கணும்."