மோதக் கூடாத கோப்பை

இரண்டாவது கடையில் சர்வர், ரக்கியா என்ற பழச்சாராயக் கோப்பைகளைத் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக மேசையில் இறக்கிக்கொண்டே வந்து, கடைசிக் கோப்பையை ஒலிவேராவின் இடப்பக்கம் ஆளில்லாத நாற்காலிக்கு முன்னால் வைத்தான். பதினான்கு கோப்பைகள். குடிக்க வந்திருப்பதோ பதின்மூன்று பேர்: ஊர் சுற்ற வந்த வெளிநாட்டுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர், அவர்களோடு ஒலிவேரா. கடை கடையாக அவர்களைக் கூட்டிப் போகும் வழிகாட்டி லாசர், வேலை நேரத்தில் தண்ணீர் தவிர எதையும் தொட மாட்டான்.

"தம்பி, ஒண்ணு கூட வச்சிட்ட," என்றான் லாசர்.

"எண்ணித்தாண்ணே வச்சேன்." சர்வர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாதவன். காலி நாற்காலியைப் பார்த்துத் தலையைச் சாய்த்தான். "இவரையும் சேர்த்துப் பதினாலு."

உள்ளிருந்து யாரோ கூப்பிட, அவன் போய்விட்டான். லாசர் சிரித்து மழுப்பினான். ஒலிவேராவுக்குச் சிரிப்பு வரவில்லை. பன்றிக்கொழுப்பு வறுபடும் வாசனை, பழைய சிகரெட் புகை ஊறிய திரைச்சீலை வாசனை, பிள்ளைகளின் சென்ட் வாசனை எல்லாவற்றுக்கும் அடியில், ஈரமான கம்பளிக் கோட்டின் நெடியும் கிராம்பு மணமும் அவள் இடப்பக்கத்திலிருந்து மெல்ல ஏறி வந்தன. குடித்துவிட்டு வந்தது மனைவிக்குத் தெரியக் கூடாது என்று பதினோரு வருடம் கிராம்பு மென்ற ஒருவனை அவளுக்குத் தெரியும். ஒரு நாள்கூட அவள் ஏமாந்ததில்லை.

அவன் ஓக்னியன். லாசர் இப்போது பார்க்கிற வேலை அவனுடையது. அவன் செத்து இன்று நாற்பதாம் நாள்.

ஆகஸ்டில் அவள்தான் அவனை வீட்டை விட்டு அனுப்பினாள். "ஊருக்கே நீ சிரிச்ச முகம். எனக்கு மட்டும் வாசல்ல கிடக்கிற ஷூ," என்று சொல்லிப் பெட்டியை வெளியே வைத்தாள். அக்டோபரில் ஒரு மழை மாலை, வேலைக்கு நடுவே போன் செய்தான். "ஒலி, வீட்டுக்கு வரட்டுமா?" என்று கேட்டான். குரலில் ஏதோ ஒரு மூச்சிரைப்பு. குடித்திருக்கிறான் என்று நினைத்தாள். "இன்னிக்கு வேணாம்," என்று வைத்துவிட்டாள். நாலாவது கடைக்கும் ஐந்தாவது கடைக்கும் நடுவில், ஆற்றுக்கு இறங்கும் கல்படிகளில் உட்கார்ந்தபடியே அவன் இதயம் நின்றுபோனது. கையில் போன் இருந்ததாம்.

இந்த ஊரில் ஒருவர் போய்விட்டால், கறுப்புக் கட்டம் போட்டுப் படத்தோடு தாள் அடித்துக் கதவிலும் மரத்திலும் ஒட்டுவார்கள். கீழே துக்கப்படுகிறவர்கள் பெயர் வரிசையாக இருக்கும். ஓக்னியனின் தாளில் அம்மா பெயர் இருந்தது, தம்பி பெயர் இருந்தது, அத்தை பிள்ளைகள் பெயர்கூட இருந்தது. மனைவி பெயர் இல்லை. சவப்பெட்டியின் பக்கம் அவளை விடவில்லை. இன்று நடுப்பகலில் கல்லறையில் நாற்பதாம் நாள் சடங்கு நடந்தபோதும், வேகவைத்த கோதுமையை எல்லோருக்கும் ஸ்பூனில் பரிமாறியபோதும், அவள் மயானத்தின் வெளிக்கேட்டில் பூக்காரியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கொழுப்பெடுத்துப் புருஷனைத் துரத்தியவள் என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். சொல்லட்டும். அந்த ஒரு 'வேணாம்' என்ற சொல்லைத் திரும்ப வாங்க முடிந்தால் போதும், வேறெதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

அதனால்தான் மாலை ஐந்து மணிக்குக் கிளம்பும் கூட்டத்தில் தனக்கும் ஓர் இடம் வாங்கினாள். அவன் நடந்த ஐந்து கடைகளிலும் நடந்து, அவன் பேரைச் சொல்லி ஒரு வாய் குடித்து, அவனை அனுப்பி வைப்பது அவள் எண்ணம். பாவம், எண்ணமெல்லாம் நல்ல எண்ணம்தான்.

முதல் கடையில் லாசர் பிள்ளைகளுக்குக் குடிக்கும் முறை சொல்லிக் கொடுத்தான். "கண்ணைப் பார்த்துக் கோப்பையை மோதணும். பார்க்காம மோதினா மரியாதை இல்ல. ஒரே ஒரு விலக்கு. செத்தவங்களுக்காகக் குடிச்சா மோதவே கூடாது. தரையில ரெண்டு சொட்டு விட்டுட்டு, சத்தமில்லாம குடிக்கணும். மோதுறது உயிரோட இருக்கிறவங்களுக்கு." ஒலிவேரா அப்போது ஓக்னியனுக்கென்று ஒரு கோப்பை வாங்கி முன்னால் வைத்திருந்தாள். இரண்டு சொட்டு விடத்தான் தன் கோப்பையை எடுத்தாள். கை கேட்கவில்லை. அவன் கோப்பையோடு தன் கோப்பையை மோதினாள். சின்னச் சத்தம்.

"அண்ணி, என்ன பண்றீங்க?" என்று லாசர் தாழ்ந்த குரலில் கேட்டான்.

"கை தவறிடுச்சு," என்றாள். தவறவில்லை.

இரண்டாவது கடையிலிருந்து வெளியே வரும்போது மழை பிடித்துக்கொண்டிருந்தது. நவம்பர், ஆறு மணிக்கே நன்றாக இருட்டியிருந்தது. ஓக்னியனுக்கு ஒரு பழக்கம் உண்டு. கதவோரம் நின்று, வெளியேறுகிறவர்கள் ஒவ்வொருவரின் தோளையும் இரண்டு விரலால் தொட்டுத்தான் எண்ணுவான். லாசர் அப்படிச் செய்வதில்லை. தெருவில் நின்று தலையை எண்ணுவான். அவன் தெருவில்தான் நின்றான். ஒலிவேரா வாசல்படியைத் தாண்டும்போது அவள் தோளில் இரண்டு விரல்கள் பட்டன. திரும்பினாள். கதவும் திரையும்தான் இருந்தன. கோட்டின் தோளில் இரண்டு ஈர வட்டங்கள் இருந்தன, அவள் இன்னும் மழைக்குள் போகவே இல்லை.

மூன்றாவது கடையில் டென்மார்க்குப் பையன் யெப்பே, ஆறடிக்கு மேல் உயரம், முகமெல்லாம் சிவந்துபோய், அவள் பக்கம் குனிந்தான்.

"உங்க வீட்டுக்காரர் செம ஆளுங்க. சிரிச்சுச் சிரிச்சு வயிறே வலிக்குது."

"யாரு?"

"அவருதான்." அவளுக்கு இடப்பக்கம் கையைக் காட்டினான். "உங்ககூட ரெண்டு மாசமாச் சண்டையாமே. பேசிடுங்க, பாவம்."

ஒலிவேரா பார்த்தாள். நாற்காலி. அதன் முதுகில் மேசை விளக்கின் மஞ்சள் வெளிச்சம். வேறெதுவும் இல்லை. ஆனால் மேசையைச் சுற்றியிருந்த பிள்ளைகள் ஒரே நேரத்தில் வாய்விட்டுச் சிரித்தார்கள், யாரோ ஒரு கதையின் முடிச்சை அவிழ்த்ததுபோல, எல்லாருடைய கண்ணும் அந்த நாற்காலியிலேயே இருக்க. லாசர் மட்டும் சிரிக்கவில்லை. அவன் முகம் வெளுத்திருந்தது. அவனுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஓக்னியன் செத்தது இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. பழைய வழிகாட்டி செத்துப்போனதை விருந்தாளிகளிடம் யார் சொல்வார்கள்? தெரியாதவர்கள் கண்ணுக்கு அவன் தெரிகிறான். தான் செத்தது அவனுக்கே தெரியாது போலிருக்கிறது. தெரிந்த இரண்டு பேர் கண்ணுக்குத்தான் காலி நாற்காலி. முன்பின் அறியாத பன்னிரண்டு பேர் அவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், கட்டினவளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பயத்தைவிடப் பொறாமைதான் அதிகம் இருந்தது அவளுக்கு.

நாலாவது கடைக்குப் போகும் வழியில் சிரிப்பு குறைந்தது. பிள்ளைகள் ஒருவரையொருவர் நெருங்கி நடந்தார்கள். கற்கள் பாவிய தெருவில் பன்னிரண்டு ஜோடிக் காலடிகளுக்குப் பின்னால் ஒன்று தனியாக, நீர் நிறைந்த ஷூவில் கால் நகர்வதுபோல் சளக், சளக் என்று வந்தது. அவள் நின்றால் அதுவும் நின்றது.

கடைக்குள் யாரும் அந்த நாற்காலியின் பக்கம் உட்காரவில்லை. போர்ச்சுகலிலிருந்து வந்த இனேஸ் என்ற பெண், இருபத்து மூன்று வயதிருக்கும், ஒலிவேராவின் வலப்பக்கம் ஒட்டிக்கொண்டாள். அவள் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"ஆன்ட்டி, அவரை டாக்டர்கிட்ட கூட்டிப் போங்க."

"ஏன்மா?"

"கை கொடுத்தார். ஐஸ் மாதிரி இருந்துச்சு. குடிக்கிறார், ஆனா உள்ள போகல. கோட்டுக்குக் கீழ ஒழுகுது." தரையைக் காட்டினாள். நாற்காலிக்கு அடியில் குளம்போல் தேங்கியிருந்தது. அதில் மண் கலங்கியிருந்தது. "இப்பக் கதையெல்லாம் சொல்லல. ஒரே கேள்வியத் திரும்பத் திரும்பக் கேக்குறார்."

"என்ன கேக்குறான்?"

"என்னைக் கேக்கல, உங்களைத்தான் கேக்குறார்." இனேஸ் நாற்காலியைப் பார்க்காமலே சொன்னாள். "'வீட்டுக்கு வரட்டுமா?'ன்னு."

ஒலிவேரா எழுந்து கழிப்பறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டு, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். வெளியே வந்தபோது லாசர் காத்திருந்தான்.

"அண்ணி, நான் ஒண்ணும் பார்க்கல. ஆனா பிள்ளைங்க பேசுறதக் கேக்குறேன். இன்னிக்கு நாற்பதாம் நாள். இன்னிக்கு அவன் போகலைன்னா, எங்க போறதுன்னு தெரியாம இங்கயே நிப்பான். நீங்க மோதிக் கூப்பிட்டீங்க. நீங்கதான் அனுப்பணும்."

"எப்படி?"

"முறையாக் குடிங்க. மோதாம. சொட்டு விட்டு, கடவுள் அவன் ஆத்மாவ சாந்திப்படுத்தட்டும்னு வாய்விட்டுச் சொல்லுங்க. அவன் கேக்கணும். கேட்டா அவனுக்கே புரிஞ்சிடும்."

ஓக்னியன் செத்த பிறகு லாசர் கல்படி வழியாக யாரையும் கூட்டிப் போனதில்லை; சுற்றுவழியாகத்தான் போவான். இன்றும் சுற்றுவழிப் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினான். பிள்ளைகள் அவனைக் கவனிக்கவில்லை. இருட்டுக்குள் படி இறங்கிக்கொண்டிருந்தார்கள், வரிசையாக, பேச்சில்லாமல், முன்னால் போகும் யாரையோ பார்த்தபடி.

"ஏய், யாரு பின்னாடி போறீங்க?" என்று கத்தினான் லாசர்.

ஒருவரும் திரும்பவில்லை.

ஒலிவேரா பின்தொடர்ந்தாள். படிகள் வழுக்கின. ஆற்றின் சேற்று வாடை. பாதியில், இடப்பக்கச் சுவரோரம் ஒரு படி மட்டும் நனையாமல் உலர்ந்திருந்தது, ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்கு. அவள் அதை மிதிக்காமல் தாண்டினாள்.

ஐந்தாவது கடை. கீழே, ஆற்றோரம். வேறு வாடிக்கையாளர்கள் இல்லை. கணப்பில் விறகு எரிந்தும் குளிர் விடவில்லை. பிள்ளைகள் சுவரோரமாக நின்றுவிட்டார்கள், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நடுவில் ஒரு மேசை. இரண்டு நாற்காலிகள். இரண்டு கோப்பைகள்.

அவள் உட்கார்ந்தாள். எதிரே கிராம்பு மணம். மண் மணம்.

"இப்ப, அண்ணி," என்றான் லாசர்.

கோப்பையை எடுத்தாள். சாய்த்தாள். ஒரு சொட்டு பலகைத்தரையில் விழுந்தது.

"என்ன பண்றான்?" என்று இனேஸிடம் கேட்டாள், எதிர் நாற்காலியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சிரிக்கிறார்." இனேஸ் அழுதுகொண்டிருந்தாள். "கோப்பைய உங்ககிட்ட நீட்டுறார். நீங்க மோதுவீங்கன்னு பாக்குறார்."

எதிரே இருந்த கோப்பை மேசையிலிருந்து இரண்டு விரல் உயரம் எழும்பி நின்றது. நடுங்கியது.

"கடவுள்," என்றாள் ஒலிவேரா. "கடவுள் அவன்..."

"சொல்லுங்க அண்ணி."

"மறுபடி கேக்குறார்," என்றாள் இனேஸ். "அதே கேள்வி."

சொன்னால் அவன் போய்விடுவான். நல்ல இடத்துக்குப் போவான். ஆனால் இரண்டாவது தடவையும் அவள் வாயாலேயே துரத்தப்பட்டுப் போவான். ஒரு தடவை செய்தாள், நாற்பது நாள் தூங்கவில்லை. இனி ஒரு தடவை அவளால் முடியாது. அவ்வளவுதான். முடியாது.

காலி நாற்காலியில் கண் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தாள். மோதினாள்.

"அண்ணி," என்றான் லாசர், வெறும் மூச்சாக.

பிள்ளைகள் விழித்துக்கொண்டவர்கள்போல் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "எங்க போனார்?" என்றான் யெப்பே. "இப்ப இங்கதானே இருந்தார்?" இனேஸ் நாற்காலியைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். அவர்கள் யாருக்கும் அவன் இனித் தெரியவில்லை.

கண்ணைப் பார்த்து மோதியவளுக்கு, ஒலிவேராவுக்கு மட்டும், தெரிந்தது.

முதலில் கை. நகக்கண்ணில் மஞ்சள் மண். பிறகு சட்டை. கழுத்தில் கோடு போட்ட டை. ஓக்னியன் டை கட்டுகிறவன் இல்லை, அவன் அம்மா கட்டிவிட்டிருக்கிறாள். பன்னிரண்டு பேர் பார்த்தது முன்பிருந்த ஓக்னியனை. அவன் மண்ணுக்குள் கிடந்தான் என்பதை ஒலிவேரா அறிவாள். அவள் பார்த்தது அவள் அறிந்ததை. நாற்பது நாளை.

முகத்தைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்தாள்.

ஒரு பக்கம் அவன்தான். மறுபக்கம் கன்னம் இல்லை. உதடு மூடவில்லை. உள்ளே ஈர மண். அந்த மண்ணுக்கு உள்ளிருந்து, மூச்சிரைக்க, போனில் கேட்ட அதே குரல்.

"ஒலி. வரட்டுமா?"

அலறல் அடிவயிற்றில் கிளம்பியது. பல்லைக் கடித்து அதைக் கீழேயே அழுத்தினாள். அவன் பயந்துவிடக் கூடாது. தான் இப்படி இருப்பது அவனுக்குத் தெரியாது.

"வா," என்றாள். "வீட்டுக்குப் போலாம்."

எழுந்தான். எழுந்தபோது கோட்டுக்குள் ஏதோ சரிந்து இறங்கும் சத்தம். கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டான். லாசர் சிலுவைக்குறி போட்டபடி வழிவிட்டு ஒதுங்கினான். அவன் கண்ணுக்கு அவள் தனியாகத்தான் போகிறாள், முழங்கையை எவருக்கோ மடக்கிக்கொண்டு.

வெளியே மழை. ஓக்னியன் களைப்பாக இருந்தால் எப்போதும் செய்வதுபோல் தலையை அவள் தோளில் சாய்த்தான். கனமே இல்லை. கன்னம் இல்லாத பக்கத்தைத்தான் சாய்த்திருந்தான். அங்கிருந்து ஏதோ ஒன்று, சின்னதாக, ஈரமாக, அவள் கழுத்துக்கு இறங்கி, காலர் ஓரமாக மெல்ல ஊர்ந்து உள்ளே போனது. அவள் அதைத் தட்டிவிடவில்லை. தட்டினால் அவனுக்குத் தெரிந்துவிடும்.

"மெதுவா வா," என்றாள். "வழுக்குது."