கயிறு பிடிக்கும் மச்சான்

குழாயில் வந்த காற்றில் இன்னொருவரின் மூச்சு இருந்தது.

மெல்வின் முதலில் அதைச் சட்டை செய்யவில்லை. பதினாறு வருடமாகச் சங்கு குளிக்கிறான். படகிலிருக்கும் கம்ப்ரசர் எத்தனை விதமாக இருமும் என்பது அவனுக்கு அத்துப்படி. டீசல் வாடையும் ரப்பர் கசப்பும் கலந்த காற்றை, பல்லில் கடித்த குழாய் வழியே இழுத்துக்கொண்டு, எட்டுப் பாகம், அதாவது ஐம்பதடி ஆழத்தில், உச்சி வெயில் பச்சையாக இறங்கிக் கிடந்த மணலை விரல்களால் துழாவியபடி நகர்ந்தான். அந்த இன்னொரு மூச்சு நின்றது. பிறகு யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

மேலே படகில் ஜாய்சன் மட்டும்தான் இருந்தான். மனைவி ஆக்னஸின் அண்ணன். குளிப்பவனின் இடுப்புக் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்பது முத்துக் குளித்த காலத்து வழக்கம். தங்கச்சி தாலியறுக்க எந்த அண்ணனும் கயிற்றை விடமாட்டானாம். அந்த நம்பிக்கையில்தான் மெல்வின் அவனிடம் வாய் திறந்தான்.

ஊர்க்காரர்களின் போனைப் போலீஸ் ஒட்டுக்கேட்பதை எதிர்த்து மெல்வின் இருக்கும் மீனவர் குழு போட்ட வழக்கு, நாளை மதுரையில் விசாரணைக்கு வருகிறது. யார் யார் பேச்சு பதிவாகிறது என்ற பட்டியலோடு சாட்சி சொல்ல, போன் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு பெண் சம்மதித்திருந்தாள். அவளை ஒளித்து வைத்திருப்பது மெல்வின். அவள் இருக்கும் இடம் வெளியே தெரிந்தால் அவள் கதி அதோகதி. போன வாரம், போன்களைக் கரையில் ஐஸ் பெட்டிக்குள் பூட்டிவிட்டு நடுக்கடலுக்கு வந்தபோது ஜாய்சன்தான் அவள் பெயரைக் கேட்டான்.

"எங்கிட்ட சொல்லுததுக்கு என்னலே மாப்ள? கடல்ல எவன் ஒட்டுக்கேக்கப் போறான்?"

"அனுஜா," என்றான் மெல்வின். இடத்தைச் சொல்லவில்லை.

இப்போது குழாய்க்குள் ஒரு குரல் கேட்டது. மெல்வினின் குரல்.

"அனுஜா."

அதே தணிவு. பின்னால் அதே அலை, படகுப் பலகையின் அதே முனகல்.

பெட்டிக்குள் அவன் வைத்தது தன் போனை. ஜாய்சன் வைத்ததைப் பார்க்கவில்லை. சொந்த மச்சானின் மடியை யார் தடவிப் பார்ப்பார்கள்? பாவி. கூடப் பிறந்தவளின் சோற்றைத் தின்றவன்.

கயிற்றை மூன்று முறை இழுத்தான். மூன்று என்றால் தூக்கு.

மறுபடி இழுத்தான். கயிறு தளர்ந்தது. சுருள் சுருளாக இறங்கி அவன் தோளில் விழுந்தது. முனை கத்தியால் அறுபட்டிருந்தது.

"சரி மாப்ள, அவ எங்கன இருக்கா?" என்றது குழாய். ஜாய்சனின் குரல். பாசமாகத்தான் கேட்டான்.

வாயில் குழாய். பேச வழியில்லை. நினைக்கவும் கூடாது என்று நினைத்தான். அதற்குள் நினைத்துவிட்டான்.

"மணப்பாடு," என்றது குழாய்க்குள் அவன் குரல். "கோயிலுக்குப் பின்னால."

இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. ஆக்னஸிடம்கூட.

குழாயைத் துப்பினான். அது நெளிந்து நெளிந்து குமிழி கக்கியது. குமிழிக்குள்ளும் அவன் குரல். மூணாவது வீடு. நீல கேட். மாடி.

அண்ணாந்து பார்த்தான்.

படகின் ஓரத்தில் ஜாய்சன் குப்புறக் கிடந்தான். முகத்தைத் திருப்பி ஒரு காதைத் தண்ணீரில் வைத்திருந்தான். குமிழிகள் ஒவ்வொன்றாக ஏறி, அந்தக் காதில் உடைந்துகொண்டிருந்தன.