மெதுவாப் போ, தம்பி

புதிதாகப் போட்ட மெத்தையின் நடுவில் ஓர் ஆள் படுத்தெழுந்த பள்ளம் இருந்தது. ஆர்வில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சூடாக இருந்தது.

"இதுல யாராவது படுத்தாங்களா?"

"நேத்துதான் ஸ்ட்ரெச்சரே வந்துச்சு. இன்னும் ஈகூட உக்காரல" என்றான் வெண்டல்.

மூன்று வருடம் பாடுபட்டு அந்த 1959 மாடல் ஆம்புலன்ஸைத் துருவிலிருந்து மீட்டவன் அவன். ஒரு காலத்தில் அதை ஓட்டிய ஆர்விலை, எழுபத்தேழு வயதில், நெப்ராஸ்கா மாநிலத்தின் மறுகோடியிலிருந்து கெஞ்சி வரவழைத்திருந்தான்.

"நான்தான் நோயாளி. என்னைக் கட்டிப்போட்டுட்டு அந்தக் காலம் மாதிரி பறக்கணும், பெருசு. உருட்டிக்கிட்டுப் போனீங்கன்னா இறங்கி நடந்துடுவேன்."

ஆர்வில் அவன் கைகளையும் சேர்த்து வார்களை மாட்டினார்.

நண்பகல். முற்றிக் காய்ந்த மக்காச்சோள வயல்களுக்கு நடுவே ஆளில்லாத நேர்ச்சாலை. மணிக்கு நாற்பது மைலைத் தாண்டாமல் ஓட்டினார். புதுப் பெயின்ட், தோல் இருக்கை, பெட்ரோல் எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து இன்னொரு வாசனை மெல்ல மேலேறி வந்தது. இயந்திர எண்ணெயும் பச்சை ரத்தமும் கலந்த வாசனை. ஐம்பது வருடமாக அவர் கைகளை விட்டுப் போகாத வாசனை.

1964, அறுவடைக் காலம். அன்று ஊரில் சவ அடக்கம் செய்கிறவர்கள்தான் ஆம்புலன்ஸும் ஓட்டினார்கள். இரண்டு அடக்க நிலையங்கள், இரண்டு வண்டிகள். முந்திப் போகிறவனுக்கு நோயாளி. நோயாளி செத்தால் அடக்கமும் அவனுக்கே. எம்மெட் என்ற விவசாயியின் வலது கையைக் கதிர் பறிக்கும் இயந்திரம் தோளோடு பிடுங்கியிருந்தது. ஆர்வில் முந்திப் போய் அவரை ஏற்றிக்கொண்டார். தோற்றவன் ஆத்திரத்தில் சைரனை அலறவிட்டுப் பின்னாலேயே துரத்தினான்.

"மெதுவாப் போ, தம்பி. கட்டு அவுருது" என்று எம்மெட் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னாலிருந்த கண்ணாடித் தடுப்பைத் தட்டிக்கொண்டே வந்தார்.

ஆர்வில் சிரித்துக்கொண்டே நூறு மைலைத் தாண்டினார். ரயில் தண்டவாளத்தில் வண்டி எகிறியது. ஆஸ்பத்திரி வாசலில் போய்ப் பார்த்தால் பின்கதவு திறந்து கிடந்தது, உள்ளே யாருமில்லை. துரத்தி வந்த வண்டியின் முன்சக்கரத்தில் எம்மெட்டின் சட்டை சுற்றியிருந்தது.

டக். டக்.

கண்ணாடித் தடுப்பில்தான்.

"வெண்டல்?"

"நான் தட்டல. கையைத்தான் கட்டிட்டீங்களே!" சிரித்தான். "ஆங், வேகம் ஏறுது! அப்படிப் போடுங்க!"

ஆர்வில் மிதிக்கவில்லை. அவர் பாதத்தின்மேல் இன்னொரு பாதம் ஏறி அழுத்துவதுபோலப் பெடல் தானாகத் தாழ்ந்தது. அறுபது. எண்பது. பிரேக்கை மிதித்தார். அது கல்போல அசையாமல் நின்றது. சாவியைத் திருகினார். முறிந்து கையோடு வந்தது.

"போதும், மெதுவா!" வெண்டலின் குரலில் இப்போது சிரிப்பில்லை. "பெருசு... இங்க யாரோ... வாரை அவுக்கறாங்க!"

நூறு. முன்னால் தண்டவாளம்.

"நிறுத்துய்யா!"

எகிறியது. பின்கதவு திறந்தது. காற்று. ஓர் அலறல், பின்னால் தேய்ந்து போனது.

அப்போதுதான் பிரேக் பிடித்தது.

வண்டி குறுக்காகச் சறுக்கி நின்றது. ஆர்வில் இறங்கினார். தூரத்தில், தார்ச்சாலையின் நடுவில் வெண்டல் கிடந்தான். உயிர் இருந்தது. ஒரு கால் முழங்காலுக்குக் கீழே பின்பக்கமாகத் திரும்பியிருக்க, முழங்கைகளை ஊன்றி நகரப் பார்த்தான். ஆர்வில் ஓடினார். மூட்டுகள் ஓடவிடவில்லை.

சைரன்.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளை வண்டி. அன்று தோற்ற வண்டி. வேகம் குறையவில்லை.

"உருளு! ஓரமா உருளுடா!"

வெண்டல் தலையைத் தூக்கிப் பார்த்தான். அசையவில்லை.

வண்டி தண்டவாளத்தில் எகிறியது. அது தரையைத் தொடுமுன் கண்ணாடிக்குப் பின்னால் ஓட்டுகிறவர் தெரிந்தார். வலது தோளில் ஒன்றுமில்லை. சிவந்த எலும்பு மட்டும். இடது கை ஒன்றே ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தது. சக்கரத்துக்கு முன்னால் கிடப்பவனை எம்மெட் பார்க்கவில்லை. ஆர்விலையே பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தார்.