மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே

"ஐயோ...! கொல்லப் போறாங்க...! என் புருஷனைக் கொல்லப் போறாங்க...!"

அந்த அலறல் கேட்டபோது இன்ஸ்பெக்டர் சலேஹா குப்புறப் படுத்திருந்தாள்.

பினாங்கு. செம்பாக்கா மருத்துவமனையின் பிசியோதெரபி அறை. காலை பத்து மணி.

அவள் முதுகில் சுடச்சுட ஒரு ஒத்தடப் பை. பன்னிரண்டு வருஷம் திருடர்களைத் துரத்திப் பிடித்தவள். எவனாலும் அவளைச் சாய்க்க முடியவில்லை. போன மாதம் ஓர் அரிசி மூட்டை சாய்த்துவிட்டது!

"அசையாதீங்க புவான்! இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு!" என்றாள் தெரபிஸ்ட். மலாயில் 'புவான்' என்றால் மேடம்.

"மேல கொலைன்னு கத்தறாங்கம்மா..."

"மேல முதுகு வார்டு. தினமும் யாராவது கத்துவாங்க."

சலேஹா எழுந்துவிட்டாள். இடுப்பு பெல்ட்டை இழுத்துக் கட்டினாள்.

"நடக்கும்போது மட்டும் பெல்ட்டு! படுத்தா கழட்டிடணும்!" தெரபிஸ்டின் குரல் வாசல் வரை துரத்தியது.

லிஃப்ட். வரிசையாகப் பொத்தான்கள். ஒன்று... இரண்டு... மூன்று... 3A... ஐந்து.

அலறல் வந்தது 3A-வில் இருந்து.

கதவைத் தள்ளினாள்.

அறுபது வயசு அம்மாள் ஒருத்தி, வெள்ளைக் கோட்டுக்காரர் ஒருவரின் காலரைக் கொத்தாகப் பிடித்திருந்தாள். சிவப்புச் சட்டை. பச்சை ஜேட் வளையல். நாலடி எட்டங்குல உயரம். ஆறடி டாக்டர் அவள் பிடியில் நெளிந்துகொண்டிருந்தார்.

"போலீஸ்!" என்றாள் சலேஹா.

"வாங்க புவான்! நல்ல நேரத்துல வந்தீங்க! பிடிங்க இந்த ஆளை! திருடன்!"

"முதல்ல நீங்க விடுங்க. அப்புறம் நான் பிடிக்கறேன்."

அந்த அம்மாள் சியூ கெய்க். கட்டிலில் மல்லாந்து கிடந்தவர் அவள் கணவர் சியா கிம் லெங்... பிஸ்கட் கடை தவ்கே, அதாவது முதலாளி. நெளிந்தவர் டாக்டர் ஊய்.

"எட்டு மாசம் முன்னாடி இவர்தான் என் வீட்டுக்காரருக்கு முதுகுல ஆபரேஷன் பண்ணார். இடது கால் வலி இம்மிகூடக் குறையலை! இப்ப என்னடான்னா மறுபடியும் வெட்டணுமாம்! இன்னிக்குப் பன்னண்டு மணிக்கு! பழைய ஃபைலைக் காட்டுய்யான்னேன். காணோமாம்!"

"கடைசியா எங்க இருந்துச்சு?"

மூலையில் நின்ற சிஸ்டர் ஃபிலோமினா பதில் சொன்னாள். "எட்டு மணிக்கு நான்தான் தவ்கே கால்மாட்டுல வச்சேன். மேடம் கோப்பி வாங்கக் கீழே போனாங்க. டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். எட்டரைக்குப் பார்த்தா... இல்லை!"

சலேஹா டாக்டரைப் பார்த்தாள்.

ஏ.சி. அறை. ஆனாலும் அவர் நெற்றி முழுக்க வியர்வை!

"ஃபைல் இல்லாட்டி என்ன? புது ஸ்கேன் இருக்கு. போதும்," என்றார் டாக்டர் ஊய்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. எனக்கும் முதுகு வலி."

"போன தடவை மூணாவது எலும்புக்கும் நாலாவது எலும்புக்கும் நடுவுல ஆபரேஷன் பண்ணேன். இப்ப அதுக்குக் கீழே, நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல ஜவ்வு பிதுங்கி நரம்பை நெரிக்குது. ஒரு இடத்துல கை வச்சா பக்கத்து இடம் தேயறது உண்டு. அதனால மூணுல இருந்து அஞ்சு வரைக்கும்... ஆறு ஸ்க்ரூ, ரெண்டு கம்பி."

சலேஹாவின் முதுகு அவளைக் கேட்காமலே சிலிர்த்தது.

"போட்டா வலி போயிடுமா?"

"சொல்ல முடியாது. முதல் ஆபரேஷன்ல கிடைக்கற பலன் ரெண்டாவதுல கிடைக்கறது கஷ்டம். மூணாவதுன்னா இன்னும் கஷ்டம். முதல் தடவை ஏன் வலி போகலைங்கற காரணம் கிடைச்சாத்தான் மறுபடியும் கத்தியைத் தொடணும்."

"காரணம் கிடைச்சுதா?"

"பக்கத்து ஜவ்வு தேஞ்சிருக்கு..."

"அந்தப் பிதுக்கம் புதுசா? இல்லை எட்டு மாசம் முன்னாடியே இருந்துச்சா?"

டாக்டர் கசங்கிய காலரை நீவிவிட்டார்.

"அது... பழைய ஸ்கேனைப் பார்த்தாத்தான் தெரியும்."

"பழைய ஸ்கேன்?"

"வெளியில எடுத்தது. ஃபிலிம் மட்டும்தான். அது... ஃபைல்ல இருக்கு."

"பார்த்தீங்களா புவான்! பார்த்தீங்களா!" சியூ கெய்க் குதித்தாள். "தப்பு பண்ணியிருக்கார்! மறைக்கறார்!"

சலேஹாவுக்கும் அப்படித்தான் பட்டது. டாக்டரின் பையைக் கவிழ்த்தாள். அவர் அறையின் மேஜை, அலமாரி, குப்பைத்தொட்டி... ஒன்றையும் விடவில்லை.

கிடைத்தது பாதி தின்ற ஒரு கறி பஃப்!

திரும்பி வந்தபோது மணி பதினொன்றரை. தள்ளுவண்டியோடு ஆட்கள் தயாராக நின்றார்கள்.

"புவான், தியேட்டர் ரெடி. நேரம் போகுது," என்றார் டாக்டர்.

அரை மணி நேரம்! அதற்குள் ஃபைல் கிடைக்காவிட்டால் கிழவரின் முதுகில் ஆறு ஸ்க்ரூ. தேவையா, தேவையில்லையா... யாருக்கும் தெரியாது. முடுக்கியபின் பழைய முதுகு திரும்பி வராது.

"தவ்கே, பெல்ட்டைக் கழட்டிடலாமா?" சிஸ்டர் குனிந்தாள்.

"வேணாம்!" தவ்கே வயிற்றைப் பொத்திக்கொண்டார். "தியேட்டர்ல நானே கழட்டிக்கறேன்!"

சலேஹா நின்றாள்.

காலையிலிருந்து படுத்தே கிடக்கும் மனுஷன். இடுப்பில் எதற்கு பெல்ட்?

"அங்கிள்... படுத்துட்டு பெல்ட்டு போட்டா தெரபிஸ்ட் அடிக்க வருவாங்களே?"

"எனக்கு... குளிருது!"

"வயித்துல மட்டுமா?"

கையை நீட்டினாள். இழுத்தாள்.

பர்ர்ர்ர்ர்...!

பெல்ட் பிரிந்தது. கிழவரின் இடுப்பைச் சுற்றி வளைத்துக் கட்டியிருந்த ஸ்கேன் ஃபிலிம் விர்ரென்று விரிந்து கட்டிலில் சரிந்தது! கூடவே மடித்த ஃபைலும் கசங்கிய ஒரு சீட்டும்.

"கிழவா...! நீயா...!" சியூ கெய்க் கட்டிலருகே ஓடி வந்தாள்.

சலேஹா சீட்டைப் பிரித்தாள். டாக்டர் ஊய் எட்டு மாசம் முன்பு எழுதிய அட்மிஷன் சீட்டு. நீல மையில் 4–5. அந்த நாலின் மேல் சிவப்பு மையில் ஒரு குறுக்குக்கோடு. பக்கத்தில் சிவப்பிலேயே 3A.

"இது யார் எழுத்து?"

"என்னுது!" தவ்கே அவசரமாகச் சொன்னார். "நான்தான்! நானே!"

"பொய்..." என்றாள் சியூ கெய்க் மெல்ல. முகம் வெளுத்திருந்தது. "என்னுது. கவுன்டர்ல குடுக்கச் சொல்லி டாக்டர் சீட்டை என்கிட்டதான் குடுத்தார். ஆபரேஷனுக்குப் போற சீட்டுல நாலு இருக்கலாமா புவான்? சாவு நம்பர்! எங்க சீன பாஷையில நாலுன்னா சாவுங்கற மாதிரியே கேக்கும்! லிஃப்ட்லகூட நாலுக்குப் பதிலா 3A தானே! அதான்... 3A-ன்னு மாத்தினேன்."

"கவுன்டர்ல என்ன பண்ணாங்க?"

சிஸ்டர் ஃபிலோமினா சீட்டை எட்டிப் பார்த்தாள். "கம்ப்யூட்டர்ல அந்தக் கட்டத்துல நம்பர் மட்டும்தான் விழும். A விழாது. தியேட்டர் லிஸ்ட்டுல 3–5-ன்னு வந்துச்சு. அப்படி ஒரு ஜவ்வே கிடையாதே! கவுன்டர்ல டைப் அடிச்ச பிள்ளை தப்பா அடிச்சிருச்சுன்னு... நான்தான் 3–4-ன்னு திருத்தினேன்."

டாக்டர் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்திருந்தார். விரலால் எலும்புகளை எண்ணினார்.

"நாலு–அஞ்சு பிதுக்கம்... அப்பவே இருந்திருக்கு."

"மூணு–நாலு?"

"நல்லா... இருந்திருக்கு."

"இந்த அம்மா ஒரு நம்பரை மாத்தினாங்க," என்றாள் சலேஹா. "கம்ப்யூட்டர் ஒரு எழுத்தை முழுங்குச்சு. சிஸ்டர் நல்லது பண்றேன்னு திருத்தினாங்க. எல்லாம் சரி. கத்தி யார் கையில இருந்துச்சு டாக்டர்? அன்னிக்கு இந்த ஃபிலிம் எங்க இருந்துச்சு?"

"தியேட்டர் சுவத்துல... மாட்டியிருந்துச்சு."

"பார்த்தீங்களா?"

"அன்னிக்கு ஆறு கேஸ்... லிஸ்ட்டைப் பார்த்தேன்."

"அதை அப்படியே எழுதிக் குடுங்க. ஒரு காப்பி உங்க டைரக்டருக்கு, ஒரு காப்பி எனக்கு."

அப்புறம் தவ்கே பக்கம் திரும்பினாள்.

"நீங்க ஏன் அங்கிள் திருடினீங்க?"

கிழவர் மனைவியைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துப் பேசினார்.

"காலையில சும்மா ஃபைலைப் புரட்டினேன். சிவப்பு மை. முப்பத்தெட்டு வருஷமா பிஸ்கட் டப்பா மேல இவ எழுதற எழுத்து... எனக்குத் தெரியாதா? விஷயம் தெரிஞ்சா இவ சோறு திங்க மாட்டா. ராவெல்லாம் உட்கார்ந்து அழுவா. புது ஸ்கேன்தான் இருக்கே, டாக்டர் இந்தத் தடவை சரியாப் பார்த்துக்குவார்னு..."

"பார்த்திருக்க மாட்டார். ஆறு ஸ்க்ரூ இறங்கியிருக்கும்!"

"இறங்கட்டுமே. இவ அழறதைவிட அது பரவாயில்லை."

சலேஹா பெல்ட்டை மடித்துக் கட்டிலில் வைத்தாள். பன்னிரண்டு வருஷத்தில் இப்படி ஒரு திருடனை அவள் பார்த்ததில்லை.

"தள்ளுவண்டியைத் திருப்பிக் கொண்டு போங்க," என்றார் டாக்டர் ஊய். "இன்னிக்கு ஆபரேஷன் இல்லை. பக்கத்து இடம் புதுசாத் தேயலை, இது பழைய பிதுக்கம்தான். கம்பி வேணாம், ஸ்க்ரூ வேணாம். நாலு–அஞ்சு ஜவ்வு மட்டும். ஒரு அங்குல வெட்டு. வேற டாக்டர் ஒருத்தர் ரெண்டு ஸ்கேனையும் பார்த்து சம்மதிச்சா, வியாழக்கிழமை. அவரே பண்ணட்டும்."

சியூ கெய்க் அவர் கோட்டுப் பையில் கையை விட்டாள். தோலில் குறி போடும் ஊதாப் பேனாவை உருவினாள்.

"திரும்பிப் படு கிழவா!"

"எதுக்குடி?"

"திரும்புடா!"

தவ்கே திரும்பினார். அவள் சட்டையைத் தூக்கினாள். கண்ணீர் அவர் முதுகில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக... தோளிலிருந்து இடுப்பு வரைக்கும்... பூதாகாரமாக...

4!

"மேடம்! ஆபரேஷன் வியாழக்கிழமைதான்! அதுக்குள்ள அழிஞ்சுடும்!" என்றாள் சிஸ்டர்.

"அதுவரைக்கும் குளிக்க விட மாட்டேன்!"

தலையணைக்குள்ளிருந்து தவ்கேயின் குரல் வந்தது.

"கெய்க்... பேனாவை எடுத்துடாதே. இன்னும் மூணு நம்பர் எழுது... நாலு நம்பர் லாட்டரியில கட்டிடலாம்!"