முப்பத்தொரு வீடு கண்ட பெட்டி

வளைகாப்புக்கு வந்த பெட்டி வாயைத் திறந்ததும், பந்தியில் புளியோதரை பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார்கள்.

"வணக்கம். நான் ஒரு சூடாறாப் பெட்டி. நான் உருவாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இது எனக்கு முப்பத்தொன்றாவது வீடு. இதுவரை ஒருமுறைகூடப் பிரிக்கப்படவில்லை."

கூட்டம் கைதட்டியது. பெட்டியைக் கொடுத்தவள் தணிகைவேலின் அக்கா மங்கையர்க்கரசி. கைதட்டல் தனக்குத்தான் என்பதில் அவளுக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நாலு பக்கமும் பார்த்துச் சிரித்தாள்.

ஏழு மாத வயிறோடும் முழங்கை வரை வளையல்களோடும் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பூங்கோதை, கணவனைக் கிட்டே கூப்பிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, இதுல சோறு வைக்கலாமா?"

கோயில் உண்டியலில் அப்பளம் பொரிக்கலாமா என்று கேட்டதைப் போலத் தணிகைவேல் அவளைப் பார்த்தான்.

"பிரிக்கிறதா? முப்பத்தோரு வீட்டுப் பெட்டிம்மா இது!"

எஃகும் மின்சாரமும் அருகிப்போன பிறகு வந்தது கைமாற்றுச் சட்டம். புதுப் பொருள் வாங்கினால் மூன்று மடங்கு வரி. இருக்கிற பொருளை இன்னொரு வீட்டுக்குக் கொடுத்தால், கொடுத்தவர் அடுப்புக்கு அரைவருடம் கூடுதல் எரிபங்கு, அதாவது மாதாமாதம் அளந்து கொடுக்கும் மின்சாரம்; கொடுத்தது அலுவலகமென்றால் விளக்குக்கும் விசிறிக்கும். பொருள் எத்தனை வீடு கண்டிருக்கிறதோ அதற்கேற்பப் பங்கும் ஏறும். இதில் ஏமாற்ற வழியில்லை. ஒவ்வொரு பொருளிலும் அரிசி அளவுக்கு ஒரு சாட்சிமணி பதித்திருக்கும். வீடு மாறும்போதெல்லாம் அது தன் கதையை நாலு பேர் கேட்கச் சொல்லிவிடும். உடைந்த சாமானை உறவுக்காரர் தலையில் கட்டிவிடக் கூடாதே என்று ஒரு விதியும் போட்டார்கள். பொருளைப் பிரித்துவிட்டால் வீட்டு எண்ணிக்கை பூஜ்ஜியம்; கொடுத்தவருக்குக் கிடைத்த கூடுதல் பங்கும் அந்த நொடியே ரத்து.

சட்டத்தை எழுதியவர் நல்ல மனிதர்தான். ஆனால் வந்த பரிசைப் பிரிக்காமல் பரண்மேல் வைத்திருந்து அடுத்த கல்யாணத்துக்குத் தள்ளிவிடுவதில் நமக்கு இருக்கும் பரம்பரைத் திறமையை அவர் யோசிக்கவில்லை. அவர் கல்யாணத்துக்கு யாரும் ஜூஸ் டம்ளர் செட் கொடுக்கவில்லையோ என்னவோ. நாட்டில் குப்பை குறைந்தது உண்மை. பொருள் எதுவும் தேயவில்லை. தேய வேண்டுமென்றால் யாராவது அதை எடுத்துப் பயன்படுத்த வேண்டுமே.

சூடாறாப் பெட்டி உண்மையிலேயே அருமையான சாதனம். அரிசியை எட்டு நிமிடம் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, பானையை அதற்குள் வைத்து மூடினால் போதும். மீதி வேலையைப் பானையின் சூடே பார்த்துக்கொள்ளும். அடுப்புச் செலவில் பாதிக்கு மேல் மிச்சம். அந்த மாதிரி இரண்டு லட்சம் பெட்டிகள் விற்றிருந்தன. இரண்டு லட்சமும் பரண்மேல் இருந்தன.

அதனால் மாதக் கடைசியில் தமிழ்நாடே அவல் நனைத்துச் சாப்பிட்டது. தணிகைவேல் வீட்டில் எரிபங்கு இருபத்திரண்டாம் தேதி வரை வரும். திருச்சி குடிநீர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்க்கும் அவனுக்கு மிச்சம் பிடிப்பதில் தனி ஆனந்தம். குளித்த தண்ணீரில் துணி அலசி, அலசிய தண்ணீரை வாழைக்கு விடுவான். வாழை நுரை தள்ளாததுதான் ஆச்சரியம். இப்போது அவன் கண் முழுக்க அடுத்த மாதம் நடக்கவிருந்த அவனுடைய கண்காணிப்பாளர் வீட்டுக் கல்யாணத்தின் மேல் இருந்தது. பெட்டியை அங்கே கொடுத்தால் முப்பத்திரண்டாவது வீடு. ஆறு மாதத்துக்கு அடுப்பு நிற்காமல் எரியும்.

"கொழந்த பொறந்ததும் வெந்நி வேணும், கஞ்சி வேணும். எல்லாத்துக்கும் சேத்துத்தான் சொல்றேன். ஒரு மாசம் பொறுத்துக்கயேன்" என்றான்.

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் பூங்கோதையின் நாக்குக்கு நியாயம் தெரியவில்லை. அவளுக்கு ஆவி பறக்கிற சோறு வேண்டும். மேலே மிளகு ரசம் வேண்டும். ஊறிய அவலைப் பார்த்தாலே குமட்டிக்கொண்டு வந்தது. தாய்வீட்டுக்குப் போகலாமென்றால் அங்கே எரிபங்கு பதினெட்டாம் தேதியே தீர்ந்துவிடும்.

இருபத்தொன்றாம் தேதி காலை. கணவன் அலுவலகம் போயிருந்தான். சுவரிலிருந்த பங்குமானி, அந்த மாதத்துக்கு இன்னும் பத்து நிமிட அடுப்புதான் பாக்கி என்று காட்டியது. பூங்கோதை பரணைப் பார்த்தாள். பிறகு துடைப்பத்தின் அடிப்பக்கத்தால் பெட்டியை விளிம்பு வரை இழுத்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கத்தரிக்கோலை ஒட்டுநாடாவில் வைத்துவிட்டு வாசலை ஒருமுறை பார்த்தாள். வெட்டினாள்.

"நான் பிரிக்கப்பட்டேன். வீட்டு எண்ணிக்கை பூஜ்ஜியம்" என்றது சாட்சிமணி.

உள்ளே இருக்க வேண்டிய எஃகுப் பானை இல்லை. செங்கல் மாதிரி அழுத்திக் கட்டிய ஐந்து கிலோ தென்னைநார்த் துகள் கட்டியும், ஒரு பொட்டலம் கீரை விதையும் இருந்தன. மணி தொடர்ந்து பேசியது.

"அன்புள்ள வாடிக்கையாளரே, வாழ்த்துகள். நாங்கள் விற்ற இரண்டு லட்சம் பெட்டிகளில் இதுவரை பிரிக்கப்பட்டவை பதினொன்று. யாரும் திறக்காத பெட்டிக்குள் நல்ல எஃகை வைத்து வீணாக்க எங்களுக்கு மனம் வரவில்லை. ஆகவே அதே எடையில் இயற்கைப் பொருளை வைத்திருக்கிறோம். இந்த முயற்சிக்காக எங்கள் நிறுவனத்துக்குப் பசுமை விருது வழங்கப்பட்டுள்ளது. உங்களுக்குக் கட்டாயம் பானைதான் வேண்டுமென்றால் விண்ணப்பியுங்கள். நான்கு மாதங்களில் அனுப்பிவைக்கிறோம். நன்றி."

பூங்கோதை தரையில் உட்கார்ந்து அழுதாள். பசி, ஏமாற்றம், கணவனுக்கு என்ன பதில் சொல்வது என்ற பயம், எல்லாம் சேர்ந்து வந்த அழுகை. அதை முழுசாக அழுது முடிக்கவும் விடாமல் போன் அடித்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து நாத்தனார்.

"என்னடி பண்ணித் தொலைச்ச? கல்லுல தோசை ஒரு பக்கம்தான் வெந்திருக்கு, அடுப்பு பட்டுனு நின்னுடுச்சு! பெட்டியப் பிரிச்சியா?"

"ஆமாங்க அண்ணி" என்றாள் பூங்கோதை, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"முப்பது குடும்பம் கட்டிக் காத்த பெட்டி! ஒருத்தர் கையும் அது மேல படல. நீ வந்த... நான் நாளைக்கே நேர்ல வரேன்!"

மாலையில் வந்த தணிகைவேல் கட்டியைப் பார்த்தான், மணி சொன்னதைக் கேட்டான், நாற்காலியில் சாய்ந்துவிட்டான்.

"ஒரு வாய் சோத்துக்கு ஆறு மாச அடுப்பக் கெடுத்துட்டியே."

"ஒரு வாய் சோறு எனக்கு மட்டுமா கேக்குறேன்?" என்று அவள் வயிற்றில் கை வைத்தாள். "ரெண்டு பேருக்குக் கேக்குறேன். பரண் மேல இருக்கறத நெனச்சுக்கிட்டே எத்தன நாளைக்கு அவலத் திங்கிறது?"

மன்னிப்புக் கேட்கத் தெரியாத ஆண்களெல்லாம் செய்வதைத்தான் அவனும் செய்தான்: எழுந்து போய் ஏதோ வேலை பார்த்தான். கீரையாவது போடலாம் என்று கட்டியை மொட்டைமாடியில் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினான். அது உப்பிப் பெருகித் தொட்டி கொள்ளாமல் வழிந்தது. கீரைக்கு இரண்டு கூடை போக மீதியைச் சாக்கு விரித்துப் பரப்பினான். மறுநாள் சித்திரை வெயில் அதைப் பொரியாகக் காயவைத்தது.

அன்று இருட்டுகிற நேரத்தில் அதை அள்ளிக் குவித்த பூங்கோதை, கையைக் குவியலுக்குள் விட்டபடியே நின்றாள். வெயில் இறங்கி வெகுநேரமாகியிருந்தது. தரைகூடக் குளிர்ந்துவிட்டது. குவியலுக்குள் மட்டும் பகல் சூடு அப்படியே இருந்தது.

"ஏங்க, இங்க வாங்க. கைய விட்டுப் பாருங்க."

அவன் விட்டுப் பார்த்தான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் கீழே ஓடி, பிரித்துப்போட்ட அட்டைப் பெட்டியை எடுத்து வந்தான்.

பங்குமானியில் பாக்கி இருந்தது அதே பத்து நிமிடம். இது பலிக்காவிட்டால் அந்தப் பத்து நிமிடமும் போகும், அரிசியும் போகும், மாதம் முடிய அவல்தான். பூங்கோதை அரிசியைக் கொதிக்கவிட்டாள். எட்டாவது நிமிடம் அடுப்பை அணைத்து மூடியை இறுக்கினாள். பெட்டியின் அடியில் நார்த்துகள், நடுவில் பானை, சுற்றியும் துகள், மேலே இரண்டு பழைய துண்டு. தணிகைவேல் பெட்டியை மூடி, மேலே அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தான்.

அந்த நேரம் பார்த்து, முந்தின நாள் அரைவேக்காட்டுத் தோசையைச் சாட்சிக்கு ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு மங்கையர்க்கரசி வந்தாள். ஒரு மணி நேரம் திட்டினாள். தம்பியை, தம்பி பெண்டாட்டியை, இன்னும் பிறக்காததைக்கூட விடவில்லை. சோறு வேக அந்த ஒரு மணி நேரம்தான் தேவைப்பட்டது.

தணிகைவேல் மூடியைத் திறந்தான். ஆவி முகத்தில் அடித்தது. ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினான். மெத்தென்று நசுங்கியது.

பாக்கி இரண்டு நிமிடத்தில் பூங்கோதை மிளகைத் தட்டிப்போட்டு ஒரு ரசத்தை நுரைகட்டவிட்டு இறக்கிவிட்டாள். முதல் கவளத்தை வாயில் வைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகுக் காரத்தால் மட்டும் இல்லை. தணிகைவேல் தட்டைப் பார்த்தபடி, "நேத்து சொன்னதுக்கு மனசுல ஒண்ணும் வச்சுக்காத" என்றான்.

மங்கையர்க்கரசி இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டு கேட்டாள். "அந்த நாருக் கட்டிய எவ்வளவு நேரம் ஊற வைக்கணும்?"

ஒரு மாதம் போனது. இப்போது அவர்கள் வீட்டில் இருபத்தேழாம் தேதியும் அடுப்பில் பங்கு மிச்சமிருந்தது. அந்த இருபத்தேழாம் தேதிதான் சிக்கனத் துறை ஆய்வாளர் சகாயராஜ் கையில் ஒரு பதிவேட்டோடு வந்து நின்றார்.

"உங்க வீட்டுப் பெட்டியோட மணி ரிப்பேர்னு நினைக்கிறோம். தினமும் ரெண்டு வேள சூடாகுதுன்னு தகவல் அனுப்புது."

"ரிப்பேர் இல்லீங்க. தினமும் ரெண்டு வேள சோறு வைக்கிறோம்" என்றாள் பூங்கோதை.

ஆய்வாளர் பதிவேட்டைத் திறந்து காட்டினார். 'பயன்பாட்டில் உள்ளவை' என்று ஒரு கட்டம். ஒன்பது வருடமாக அதில் பூஜ்ஜியம் மட்டுமே எழுதியிருந்தது. பிரித்த மற்ற பதினொரு பேரும் பானை கேட்டு விண்ணப்பித்துவிட்டு இன்னும் காத்திருக்கிறார்களாம். பூங்கோதை அவருக்குத் தட்டு வைத்தாள். இருபத்தேழாம் தேதியில் சூடான சோற்றைப் பார்த்து அந்த மனிதருக்கு எத்தனை வருடமோ. மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கட்டத்தில் 'ஒன்று' என்று எழுதினார். எழுதும்போது அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அடுத்த வாரமே துறையின் விழா மண்டபத்தில் பாராட்டு. வண்ண விளக்குகள், இருபது மின்விசிறிகள், ஒலிபெருக்கியில் இயக்குநரின் பேச்சு. "பரிசை மதித்துப் பயன்படுத்திய முதல் குடும்பம்" என்று அவர் முக்கால் மணி நேரம் புகழ்ந்தார். பிறகு வண்ணக் காகிதம் சுற்றிய பரிசைத் தணிகைவேலின் கையில் கொடுத்தார். பரிசு உடனே பேசியது.

"வணக்கம். நான் ஒரு சூடாறாப் பெட்டி. இது எனக்கு அறுபத்து நான்காவது வீடு. இதுவரை ஒருமுறைகூடப் பிரிக்கப்படவில்லை."

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. சகாயராஜ் தணிகைவேலின் காதருகே குனிந்தார்.

"சார், மனசுல வச்சுக்குங்க. பிரிச்சிடாதீங்க. நாளைக்கு நானே வீட்டுக்கு வந்து வாங்கிக்கறேன். அடுத்த மாசம் கரூர்ல ஒரு பாராட்டு விழா இருக்கு. இந்த ஆபீஸ் கரண்டு மொத்தமும் இந்தப் பெட்டியிலதான் ஓடுது."

தணிகைவேல் பெட்டியைப் பார்த்தான். அறுபத்து நாலு வீடு. அறுபத்தைந்தாவது வீட்டுக்கு அவனே கொடுத்தால் அரைவருடத்துக்கு இரண்டு மடங்கு பங்கு; அடுப்பைப் பற்றிய நினைப்பே வேண்டாம். பழைய தணிகைவேல் அவன் காதுக்குள் நாக்கில் எச்சில் ஊறச் சொல்லிக்கொண்டே இருந்தான். பக்கத்தில் பூங்கோதை ஒன்பதாம் மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றிருந்தாள். இரண்டு நாள் முன்பு ஒரே ஒரு தடவை, "ரசத்துக்கும் தனியா ஒரு பெட்டி இருந்தா நல்லாருக்கும்" என்று சொல்லியிருந்தாள்.

அவன் சட்டைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தான். வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுத்துப் போட்டுக்கொண்டு வந்ததுதான்.

"சார், வேணாம் சார்!" என்று சகாயராஜ் கத்தினார்.

ஒட்டுநாடா கிழிந்தது.

"நான் பிரிக்கப்பட்டேன். வீட்டு எண்ணிக்கை பூஜ்ஜியம்."

சிக்கனத்தின் மேன்மையைப் பற்றி மறுபடியும் பேச ஆரம்பித்திருந்த இயக்குநரின் வாய் அசைந்தது; சத்தம் வரவில்லை. வண்ண விளக்குகள் அணைந்தன. இருபது மின்விசிறிகளும் ஒவ்வொன்றாகச் சோர்ந்து நின்றன. வந்திருந்தவர்கள் அழைப்பிதழை எடுத்து விசிறிக்கொள்ளத் தொடங்கினார்கள்.

பூங்கோதை பெட்டிக்குள் கையை விட்டு, கட்டியின் ஓரத்தில் ஒரு விள்ளல் கிள்ளி விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தாள்.

"நல்ல நாருங்க. ரசத்துக்குத் தாங்கும்" என்றாள்.